அடைத்த வீட்டின் நிழலில்

எங்கள் வீட்டில் கதவு குறைவு. வாசலுக்கு ஒன்று, வெளியே தள்ளி இருக்கிற கக்கூசுக்கு ஒன்று, குளிக்கிற இடத்துக்கு ஒன்று. அவ்வளவுதான். உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கிற ஒரு மேட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ரூம்பு எங்க?" என்றுதான். ரூம்பு கிடையாது என்பேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டேன். எங்கள் வீடு, எங்கள் இஷ்டம்.

என் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மதுரையில் இருந்த காலமெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வாடகை வீடுதான் எங்களுக்கு வாய்த்தது. சித்திரையில் ஃபேனைப் போட்டால் கூரையில் இருக்கிற சூடெல்லாம் இறங்கி மூஞ்சியில் அடிக்கும். அவர் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிற வண்டியெல்லாம் அவர் முழங்காலை உரசிக்கொண்டு போகும்.

"இந்தா புள்ள, காத்தை மட்டும் எவனாவது பாக்கெட்ல போட்டு வித்தா, முத ஆளா நின்னு வாங்கிருவேன்" என்பார்.

"வாங்கி எங்க வைப்பீங்க? இந்த வீட்டுல அது வெந்து போயிரும்" என்பேன் நான்.

ரிட்டயர் ஆனதும் கையில் வந்ததைக் கொண்டு இந்த மேட்டை வாங்கினார். எங்களுக்கு ஒரே மகள். கட்டடப் படிப்புப் படித்தவள். அப்பாவுக்கென்று அவளே வீட்டுப் படம் போட்டாள். ஃபேன் இல்லாமல் மூச்சு விடுகிற மாதிரி ஒரு வீடு வேண்டும், அதுதான் கணக்கு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். நீலக் காகிதத்தில் அவள் போட்ட கோடு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைச் சொல்லவும் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது போல. ஒருநாள் காலையில் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, அந்த மேட்டிலேயே வீட்டை முழு அளவுக்கு வரைந்துவிட்டாள். "நடந்து பாரும்மா" என்றாள்.

நடந்தேன். மேற்கே தரை வரைக்கும் இறங்குகிற பெரிய ஜன்னல். கிழக்கே வாசல். நடுவில் எல்லாம் வெட்டவெளி.

"நடுவுல கதவெல்லாம் எங்கடி?"

"இல்லம்மா. மேக்க இருந்து வர்ற காத்து நேரா உள்ள புகுந்து கெழக்க போகணும். நடுவுல கதவு எதுக்கு?"

"சீலை மாத்துறதுக்கு ஒரு மறைவு வேணாமா? காத்துக்கு வெக்கம் கெடையாது, எனக்கு இருக்குல்ல."

அவர் சரளைக் கல் மேல் உட்கார்ந்து சிரித்தார், சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணி வந்தது. மகள் கோலப்பொடியால் ஒரு மூலையில் வளைவாக ஒரு சுவர் போட்டாள். நத்தைக்கூடு மாதிரி. அதுதான் என் சீலை மறைவு. இன்றைக்கும் இருக்கிறது.

அந்த மண்ணையே அள்ளி, கொஞ்சம் சிமெண்டு கலந்து, மிஷினில் அழுத்திக் கல்லாக்கினார்கள். சுடாத கல். கூரை கான்கிரீட்டுக்குள் மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்தார்கள், சூடு இறங்கக் கூடாது என்று. வெயிலைத் திருப்பி அடிக்க மேலே வெள்ளை ஓட்டுச் சில்லு பதித்தார்கள். மழைத் தண்ணி குழாய் வழியாக இறங்கித் தரைக்கடியில் இருக்கிற தொட்டிக்குப் போகும். குளித்த தண்ணி வாழைக்குப் போகும். சமைக்கிற சூடு வீட்டுக்குள் வரக் கூடாது என்று அடுப்படியை வெளியே வைத்தாள். நாலு தூண், ஓட்டுக் கூரை, இடுப்பு உயரச் சுவர். பக்கத்தில் பீர்க்கங்கொடி ஏறுகிற ஒரு பந்தல். அதில் அவர் கட்டில். பகலெல்லாம் அங்கே படுத்து மயிலை விரட்டிக்கொண்டிருப்பார். நாலு வருஷம் அந்த மனுஷன் இருமல் குறைந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அது போதும் என்று சொல்ல மாட்டேன். போதவில்லை.

போன மாசியில் ஒரு மத்தியானம் பந்தலில்தான் படுத்திருந்தார். அவர் தம்பி, என் கொழுந்தன், அண்ணனைப் பார்க்க வந்திருந்தார். தம்பியோடு பேசிக்கொண்டே இருந்த என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாங்கினது வாங்கினபடி நின்றது. விடவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, "உள்ள தூக்குங்க" என்றேன்.

"மதினி, அசைக்காதீங்க. வண்டி வர்ற வரைக்கும் இப்படியே கெடக்கட்டும்."

"தூக்குங்கன்னா தூக்குங்க. இது அவரு வீடு. வெளிய கெடந்து போக வேண்டிய ஆள் இல்ல அவரு."

கட்டிலோடு தூக்கினோம். நடு வீட்டில், மேற்கு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நேராக, காற்று ஓடுகிற பாதையில் வைத்தோம். மத்தியானக் காற்று வந்தது. அவர் தலைமுடி அசைந்ததைப் பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த அவர் கை கொஞ்ச நேரத்தில் லேசானது. வண்டி வந்தபோது அதற்கு வேலை இல்லை.

அன்றைக்கு என்ன நாள் என்று யாரும் யோசிக்கவில்லை. தகவல் சொல்லி முடித்த பிறகு கொழுந்தன்தான் சுவரில் தொங்கின காலண்டரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மதினி, அவிட்டம்."

அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உயிர் போன அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். சாயந்தரம் வாசப்படியில் விளக்கு வைக்க வேண்டும். யாரும் உள்ளே புழங்கக் கூடாது. புழங்கினால் பங்காளி வீடுகளில் யாருக்காவது ஆகாது என்பார்கள். அறை இருக்கிற வீட்டில் ஒரு கதவைச் சாத்திப் பூட்டினால் முடிந்தது. எங்கள் வீட்டில் எதைச் சாத்துவது?

"பந்தல்லயே விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த கொழுந்தன் மேற்கொண்டு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அவரை உள்ளே தூக்கச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை.

அடைப்பு நாளில் போனவரை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னார். சுவரை இடிக்க வேண்டும் என்றார். மகள் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். ஒருத்தரும் அவளை நகரச் சொல்லத் துணியவில்லை. கொழுந்தன் மேற்கு ஜன்னலைத் திறந்து காட்டினார்.

"எதுக்கு இடிக்கணும்? அண்ணன் தரை வரைக்கும் ஜன்னல் வச்சுட்டுத்தான் போயிருக்காரு. நடந்தே போகலாம்."

சிலர் சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். அவர் காற்று வருகிற வழியாக வெளியே போனார்.

அன்றைக்கே ஜன்னல்களின் பலகைகளை இழுத்து மூடி, வாசலைப் பூட்டிவிட்டார்கள். எனக்கு வேண்டிய சீலை, சாமான், அவர் படுத்த கட்டில் எல்லாம் அடுப்படிக்கு வந்துவிட்டது. கருமாதி வரைக்கும் ஷாமியானாவில் கூட்டம் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அது முடிந்து எல்லாரும் பந்தலில் உட்கார்ந்தபோதுதான், இவளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. நான் அங்கேயே இருக்கிறேன், என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள்.

கொழுந்தன் சொன்னார்: "ஹாலோ பிளாக் வச்சு நடுவுல ஒரு செவரு எழுப்பிருவோம் மதினி. ஒரே நாள் வேலை. அண்ணன் இருந்த பக்கத்தை அடைச்சுட்டு, இந்தப் பக்கம் நீங்க புழங்கிக்கலாம். குத்தமில்ல."

மகள் சொன்னாள்: "செவரு வச்சா காத்து நின்னுரும் சித்தப்பா. அப்புறம் எங்க பழைய ஷீட்டு வீட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நாளும் வேணாம், நட்சத்திரமும் வேணாம். பூட்டைத் தொறந்து விடுங்க. இல்லன்னா அம்மா எங்கூட மதுரைக்கு வரட்டும். ஏசி இருக்கு."

"ஊருக்கெல்லாம் காத்து வீடு கட்டுற தாயி, நீ மட்டும் ஏசியில தூங்குறியாக்கும்?"

"அது வாடகை ஃப்ளாட்டு சித்தப்பா. நானா கட்டுனேன்?"

ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த நட்சத்திரத்தின் மேல் பயம் இல்லை. என் பயம் வேறு. கொழுந்தன் வீட்டில் அவர் மருமகள் மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம். நான் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே படுத்து, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிப்போனால், பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். கதவில்லாத வீடு கட்டினாள், அதனால்தான் என்று என் மகளைச் சொல்வார்கள். அவள் சாகிற வரைக்கும் சொல்வார்கள். அதற்காகச் சுவரையும் எழுப்ப முடியாது. அவர் மூச்சுக்காகக் கட்டின வீட்டை அவர் போன பதினாறாம் நாளே குறுக்கே மறித்தால், அது அவரை இன்னொரு தடவை மூச்சு முட்ட வைக்கிற வேலை.

"செவரும் வேணாம், பூட்டையும் தொறக்க வேணாம். நான் பந்தல்ல இருந்துக்கிறேன்" என்றேன்.

"கோடை வருதும்மா!" என்றாள் மகள்.

"வரட்டும். அதுக்குத்தான வெளிய அடுப்படி கட்டிக் குடுத்திருக்க?"

நான் யார் வீட்டிலும் போய் ஒண்டினது கிடையாது. மகள் வீடானாலும் அப்படித்தான்.

அப்படித்தான் நான் என் வீட்டுக்கு வெளியே குடியேறினேன். பங்குனியில் ஒன்றும் தெரியவில்லை. சித்திரை பிறந்ததும் பந்தல் பீர்க்கு காய்ந்துபோய், வெயில் ஓட்டை ஓட்டையாக இறங்கியது. அப்புறம்தான் வீட்டு நிழலைக் கவனித்தேன். காலையில் வீட்டுக்கு மேற்கே நிழல் கிடக்கும். கட்டிலை அங்கே இழுத்துப் போடுவேன். உச்சியில் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாண் கூட இருக்காது, அப்போது அடுப்படிதான். மத்தியானத்துக்கு மேல் நிழல் கிழக்கே புரளும், நானும் கட்டிலோடு அதன் பின்னால் போவேன். இழுத்து இழுத்து வீட்டைச் சுற்றி ஒரு தடம் விழுந்துவிட்டது.

உள்ளே போக முடியாவிட்டாலும் வீடு எனக்கு நிழல் கொடுத்தது என்று மகளிடம் சொன்னேன், போனில். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்ததும் காஸ் புக் பண்ணச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

ஆடு மேய்க்கிற ஒருத்தி அந்தப் பக்கம் வருவாள். என் வயசு இருக்கும். முதல் நாளே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"வீட்டைக் கட்டிட்டு வெளிய குடியிருக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"நீயும்தான் பட்டியைக் கட்டிட்டு ஆட்டை வெளிய மேய்க்கிற. நான் கேட்டனா?"

அன்றிலிருந்து தினமும் வந்து கொஞ்ச நேரம் உட்காருவாள். தண்ணி வாங்கிக் குடிப்பாள். விவரம் தெரிந்த பிறகு வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சாயந்தரம் வாசப்படியில் விளக்கு வைப்பேன். வைக்கும்போது கதவில் காது படும். உள்ளே பல்லி கத்தும், அதைத் தவிர ஒன்றும் கேட்காது. கதவிடுக்கில் மண் வாசனை வரும், அடைபட்ட மண் வாசனை. அவர் சட்டை உள்ளே ஆணியில் தொங்குவது ஞாபகம் வரும். அதை எடுத்துக்கொண்டு பூட்டியிருக்கலாம்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் சாயந்தரம் கோடை மழை அடித்தது. நின்று பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. காற்று ஒரு பக்கமும் தண்ணி ஒரு பக்கமுமாக அடித்ததில் கட்டில், தலையணை, போர்வை எல்லாம் நனைந்து போயிற்று. அடுப்படிச் சுவரோரம் குந்தி உட்கார்ந்தேன். கூரைத் தண்ணி குழாய் வழியாகத் தொட்டிக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் இருந்தால் எழுந்து போய்க் குழாயில் காதை வைத்துக் கேட்பார். "வீட்டுக்கு வயிறு நெறையுது புள்ள" என்பார். அந்த மழையில் எனக்கு முதல் தடவையாக, பூட்டை உடைத்து உள்ளே போய்விட வேண்டும் என்று இருந்தது. நனைந்ததனால் இல்லை. அந்தச் சத்தத்தை வெளியே இருந்து தனியாகக் கேட்க முடியவில்லை.

மறுநாள் கொழுந்தன் வந்து பார்த்தார். காய்கிற போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து அடுப்படிச் சுவர் மேல் வைத்தார்.

"மதினி, சும்மா உள்ள போங்க. நான் பாக்கலன்னு வச்சுக்கிறேன்."

"நீங்க பாக்கலன்னா அவிட்டமும் பாக்காதா?"

"வைராக்கியம் புடிச்சு என்னத்தக் கண்டீங்க? அண்ணன் இருந்தா என்னையச் செருப்பால அடிப்பாரு."

"அடிப்பாரு. அடிக்க ஆள் இல்லைங்கிறதுதான் இப்ப பிரச்னை. சாவியை எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் தார்ப்பாய் ஒன்று கொண்டுவந்து, அவரே ஏறிப் பந்தலில் கட்டிக் கொடுத்தார். ஆனியில் அவருக்குப் பேத்தி பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அப்பாடா என்று மகள் போன் பண்ணினாள். "இனிமேலாவது உள்ள போம்மா" என்றாள். பாதியில் விட்டால் இத்தனை நாள் கிடந்ததற்கு அர்த்தம் இல்லை என்றேன்.

ஆடியில் காற்று வந்தது. மலைப் பக்கமிருந்து வருகிற காற்று, நாங்கள் வீட்டைத் திருப்பி வைத்ததே அதற்காகத்தான். வந்து மேற்கு ஜன்னல் பலகையில் மோதும். மோதி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, புழுதியை என் சோற்றில் கொட்டிவிட்டுப் போகும். ராத்திரி பகல் என்று இல்லாமல் அந்தப் பலகை தட்டிக்கொண்டே இருந்தது.

ஆவணியில் அடைப்பு முடிந்தது. பூசாரி வந்தார், கொழுந்தன் குடும்பத்தோடு வந்தார், மகள் வந்தாள். பூட்டைத் திறந்தார்கள். மேற்குச் சுவரில் கரையான் கோடு கோடாக ஏறியிருந்தது. மகள் நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். நான் ஜன்னல் பலகையை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கடைசிப் பலகை திறந்ததும் காற்று ஓடி வந்தது. ஆறு மாதத் தூசியைக் கிளப்பிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனது. அவள் கோலப்பொடியில் காட்டின அதே வழி.

"அடேயப்பா, என்னா குளிர்ச்சி!" என்றாள் கொழுந்தன் மருமகள். கைப்பிள்ளையைத் தரையில் துண்டு விரித்துக் கிடத்தினாள். சுட்ட மண் தட்டோட்டுத் தரை சில்லென்று இருந்தது. பிள்ளை உடனே தூங்கிப்போனது. கொழுந்தனும் சுவரோரமாகச் சாய்ந்து குறட்டை விட்டார். வீட்டில் ஒரு குறையும் இல்லை. என் மகள் நல்ல வீடு கட்டியிருக்கிறாள்.

நான் தண்ணிப்பானை மூலையில் உட்கார்ந்தேன். அவர் கட்டில் கிடந்த இடம் நேராகத் தெரிந்தது. எழுந்து அலமாரிப் பக்கம் போனேன். அங்கிருந்தும் தெரிந்தது. வாசப்படிக்குப் போனேன், அங்கிருந்தும் அதுதான். கதவு கிடையாது, அறை கிடையாது. அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்துக்கு எதிரேதான் உட்கார வேண்டும். கடைசியில் என் சீலை மறைவுக்குள் போய் நின்றேன். வளைந்த சுவர், நத்தைக்கூடு. அங்கிருந்து மட்டும் தெரியவில்லை. அங்கே எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

மகள் தேடிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி, சொல்லாமலே பிடித்துக்கொள்வாள்.

"அம்மா, நடுவுல ஒரு கதவு போட்டுத் தரவா?" என்றாள்.

காற்றுக்குக் கதவு எதற்கு என்று கேட்ட பிள்ளை அவள்.

"எதுக்கு? உங்கப்பா திட்டுவாரு" என்றேன்.

இப்போது பந்தலில் புதுக் கொடி ஏறியிருக்கிறது. தார்ப்பாயை எடுக்கவில்லை. காலையில் முதல் வேலையாக உள்ளே போய்ப் பெருக்கி, தண்ணி தெளித்து, மேற்கு ஜன்னலைத் தரை வரைக்கும் திறந்து வைப்பேன். வாசலையும் திறந்து வைப்பேன். காற்று நாளெல்லாம் உள்ளே போய் வருகிறது. நான் கட்டிலை நிழலுக்கு இழுத்துக்கொண்டு வெளியே இருக்கிறேன். மழை வந்தால் மட்டும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுப்பேன்.

ஆடு மேய்க்கிறவள் நேற்றுக் கேட்டாள், "அடைப்புதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன?"

"வெளியவே பழகிப்போச்சு" என்றேன். மகள் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். கதவு வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்து, வீட்டில் வேறு ஏதோ குறை, அம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறாள், கரையான் மருந்து அடிக்கிறாள், கூரைச் சில்லை எண்ணுகிறாள். ஒரு குறையும் இல்லை தாயி என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். நிழல் கிழக்கே திரும்பிவிட்டது. கட்டிலை இழுக்க வேண்டும்.